சேலை நல்லாருக்கு, ஸ்டூல் மேல டப்பா இருக்கு: ஒரு ஜவுளிக்கடை ரிவ்யூ

ஆவணி கடைசி முகூர்த்தத்துல அக்கா மக கல்யாணம், அதுக்கு ஜவுளி எடுக்க மதுரைல விளக்குத்தூண் பக்கம் இருக்கிற ஒரு பெரிய கடைக்குப் போனோம், அஞ்சு மாடி. கடை பேர இதுல போடல. பேரப் போட்டா "ஓ அந்தக் கடையா, சரி நாம வேற கடைக்குப் போவோம்"னு படிக்கிறவங்க அதோட முடிச்சுக்குவாங்க, நான் சொல்லப்போற விஷயம் அந்த ஒரு கடையோட முடியறது இல்ல. நாங்க மொத்தம் 11 பேரு, காலைல பத்தரைக்கு உள்ள போனவங்க சாயங்காலம் ஆறரைக்குத்தான் கட்டைப்பையோட வெளிய வந்தோம், அதனால அஞ்சு மாடியும் ஏறி எறங்கி நிதானமா பாத்தாச்சு.

மொதல்ல சரக்கப் பத்தி சொல்லிடறேன், அதுக்குத்தான் நெறைய பேரு ரிவ்யூ தேடுவீங்க. முகூர்த்தப் பட்டு 3-வது மாடி. மாம்பழக் கலர் உடம்பு, அரக்கு பார்டர், 22,000 ரூபா ஆச்சு, சில்க் மார்க் லேபிள் இருந்துச்சு. அந்த செக்ஷன்ல இருந்த பெரியவர் நாங்க கேக்காமலே முந்திய திருப்பிப் போட்டு எது வெள்ளி ஜரிகை, எது டெஸ்டட் ஜரிகை, அதாவது அசல் வெள்ளி இல்லாத மலிவு ஜரிகைன்னு காட்டிக் குடுத்தாரு, வெலை கம்மியான சேலையக் கூட அதே பொறுமையோட விரிச்சாரு. அவருக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம். சுங்குடி, காட்டன் எல்லாம் 2-வது மாடி, அத்தை சித்திங்களுக்கு 9 சேலை அங்கதான் எடுத்தோம். கைமுடிச்சு சுங்குடி ரொம்ப கம்மி, அடுக்கி வச்சிருக்கிறதுல முக்காவாசி பிரிண்ட்தான், ஆனா கேட்டா இது பிரிண்ட்னு உண்மைய சொல்றாங்க. ஜென்ட்ஸ் செக்ஷன்ல வேஷ்டி வெலை வெளிக்கடைய விட ஜாஸ்தி. பில்லிங் வேகமா போகுது. லிஃப்ட் ஒண்ணே ஒண்ணு, வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க காலைல சீக்கிரம் போயிடுங்க.

இப்ப நான் எழுத வந்த விஷயத்துக்கு வரேன்.

3-வது மாடில பட்டு செக்ஷன் எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், தரையில மெத்தை போட்டு வெள்ளத்துணி விரிச்சிருக்கும், நாமளும் உக்காருவோம், சேலை காட்டுறவரும் நமக்கு எதுத்தாப்ல சம்மணம் போட்டு உக்காந்துக்குவாரு. 2-வது மாடி அப்படி இல்ல, கண்ணாடி கவுன்ட்டரு, நமக்கு மெத்தை வச்ச உசரமான ஸ்டூல் வரிசையா போட்டிருக்காங்க, கவுன்ட்டருக்கு உள்பக்கம் நிக்கிறது பொம்பளப் புள்ளைங்க. எங்களுக்கு சேலை காட்டின புள்ளைக்கு ஒரு 20, 21 வயசு இருக்கும், கடுகுக் கலர் யூனிஃபார்ம் சேலை, கழுத்துல ஐடி கார்டு. எங்க அத்தைக்கு ஒரு கலரும் புடிக்கல, அந்தப் புள்ள 40 சேலைக்கு மேல விரிச்சுப் போட்டுச்சு, முகம் சுளிக்கல. நான் ஒரு சேலையோட ப்ளவுஸ் பிட்ட வெளிச்சத்துல பாக்கணும்னு கவுன்ட்டர் ஓரமா அந்தப் பக்கம் எட்டிப் பாத்தேன், அப்பத்தான் அது கால் கண்ணுல பட்டுச்சு. செருப்ப கழட்டி ஓரமா வச்சுட்டு ஒரு பாதத்து மேல இன்னொரு பாதத்த வச்சு மாத்தி மாத்தி நிக்குது. கணுக்கால் வீங்கி, போட்டிருந்த கொலுசு சதைக்குள்ள புதைஞ்சு கிடக்கு, கொஞ்சம் நகந்த எடத்துல முத்து முத்தா அச்சு பதிஞ்சிருக்கு.

அதுக்கு ஒரு அடி பின்னால ஒரு நீலக்கலர் பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கு. ஸ்டூல் மேல ப்ளவுஸ் பிட் டப்பா ஏழெட்டு அடுக்கி வச்சிருக்கு.

"ஏம்மா, அந்த டப்பாவ எறக்கி வச்சுட்டு செத்த உக்காரேன், அத்தை முடிவு பண்ண இன்னும் நேரமாகும்"னு சொன்னேன். "இல்லக்கா பரவால்ல"ன்னுச்சு. சொல்லும்போது அது கண்ணு என்னப் பாக்கல, மேல சீலிங்ல கருப்பா குமிழ் மாதிரி இருக்கிற கேமராவ ஒரு தடவ பாத்துட்டு எறங்குச்சு. அந்தப் பார்வை எனக்கு நல்லாத் தெரியும், அதே மாதிரி நானும் பாத்துட்டு இருந்தவ.

2009-ல இருந்து 2014 வரைக்கும் நான் வேற ஊர்ல ஒரு ஜவுளிக்கடைல சேல்ஸ் கேர்ளா இருந்தேன். காலைல 9 மணிக்கு நின்னா ராத்திரி ஒன்பதரை, தீபாவளி சீசன்னா பதினொண்ணு பதினொன்றை. மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம், அந்த அரைமணி நேரம்தான் உக்கார்றது. கவுன்ட்டர்ல சாஞ்சு நின்னா 20 ரூபா ஃபைன், சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. லேடீஸ் ஸ்டாஃபுக்கு பாத்ரூம் மொட்டை மாடில ஒண்ணே ஒண்ணு, போயிட்டு வர நேரத்த சூப்பர்வைசர் நோட்டுல எழுதுவாரு, அதனால நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம். தண்ணி குடிக்காம இருந்து இருந்து யூரின் இன்ஃபெக்ஷன் வராத புள்ள எங்க ஹாஸ்டல்ல ஒருத்தி கூட இல்ல. நாலாவது வருஷம் எனக்கு இடது கால்ல நரம்பு சுருட்ட ஆரம்பிச்சுச்சு, டாக்டர் வெரிகோஸ் வெயின்னு எழுதிக் குடுத்துட்டு உக்காந்து பாக்கற வேலை எதுவும் கிடைக்காதாம்மான்னு கேட்டாரு. டைப்பிங் லோயர் ஹையர் ரெண்டும் ஸ்கூல் முடிச்சப்பவே பாஸ் பண்ணி வச்சிருந்தேன், அது கைகுடுத்துச்சு, இப்ப 11 வருஷமா ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிங் வேலை. இன்னிக்கும் கால்ல ஸ்டாக்கிங்ஸ் போட்டுட்டுத்தான் உக்காந்திருக்கேன்.

அதனால இந்த ஸ்டூல் விஷயம் எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு கடைக்கு வர்ற நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்காது, அதான் கொஞ்சம் விரிவா எழுதறேன். அந்த நீல ஸ்டூல் கடைக்காரரு எரக்கப்பட்டு வாங்கிப் போட்டது இல்ல, அது சட்டம். 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு சட்டசபைல தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் ஒரு மசோதா கொண்டு வந்தாரு, 1947-ம் வருஷத்து கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவ புதுசா சேக்கறதுக்கு. அது சொல்றது இவ்வளவுதான்: ஒவ்வொரு கடையிலயும் வேலை பாக்கற எல்லாருக்கும் உக்கார வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல உக்கார வாய்ப்பு வரும்போதெல்லாம் அவங்க உக்காந்துக்கலாம், வேலை நேரம் பூரா கால்லயே நிக்கிற நிலைமை இருக்கக் கூடாது. அன்னிக்கு எங்க வக்கீல் சார் போன்ல வந்த மசோதாவ காட்டினாரு, நான் அந்தப் பிரிவ மட்டும் தனியா டைப் பண்ணி ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுட்டுப் போனேன். எங்கூட ஹாஸ்டல்ல இருந்த புள்ளைங்க ரெண்டு பேருக்கு போன் போட்டு வாசிச்சுக் காட்டினேன், ஒருத்தி அழுதுட்டா.

ஆனா அதே பிரிவ திரும்பத் திரும்பப் படிச்சா அதுக்குள்ள ஒரு ஓட்டை இருக்கறது தெரியும். "வாய்ப்பு வரும்போது"ன்னு இருக்குல்ல, அந்த வாய்ப்பு வந்துருச்சுன்னு சொல்றது யாரு? நிக்கிற புள்ளையா, கேமராவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரா? ஸ்டூல் இருக்கான்னு இன்ஸ்பெக்டர் வந்து எண்ணிப் பாக்கலாம். அதுல யாராச்சும் உக்காந்தாங்களான்னு எண்ண முடியாது.

இதுல ஒரு விஷயம் எனக்கு ஆபீஸ்ல வேலை பாக்கப் போயித்தான் தெரிஞ்சது. உலகத் தொழிலாளர் அமைப்பு, ஐ.எல்.ஓ.ன்னு சொல்வாங்கல்ல, அவங்க 1964-லயே கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும்னு தனியா ஒரு உடன்படிக்கை போட்டிருக்காங்க, 120-வது உடன்படிக்கை. வெளிச்சம், காத்து, குடிதண்ணி, கக்கூஸ்னு ஒவ்வொண்ணா வருது, அதுல 14-வது ஷரத்து இருக்கை பத்தி. போதுமான, வேலைக்கு ஏத்த இருக்கை குடுக்கணும்னு சொல்லிட்டு அதே வாக்கியத்துல, அத பயன்படுத்திக்க நியாயமான வாய்ப்பும் தொழிலாளிக்குக் குடுக்கணும்னு சொல்லுது. பாருங்க, வாய்ப்பு "வந்தா"ன்னு இல்ல, வாய்ப்ப "குடுக்கணும்"னு இருக்கு. இத எழுதினவங்களுக்கு ஸ்டூல் மேல டப்பா அடுக்குவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. இந்தியா 1919-ல ஐ.எல்.ஓ. ஆரம்பிச்ச நாள்ல இருந்தே அதுல உறுப்பினரு, ஆனா இந்த 120-வது உடன்படிக்கைய ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடல. போடாததால அந்த வாக்கியத்த வச்சு ஒரு சேல்ஸ் கேர்ள் நம்ம ஊர்ல நேரா எதையும் கேக்க முடியாது.

சரி, கையெழுத்துப் போட்டா மட்டும் என்ன ஆகும்னு கேப்பீங்க, அதுக்கும் உதாரணம் இருக்கு. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கைன்னு ஒண்ணு, 1966-ல ஐ.நா.வுல போட்டது, அதுல இந்தியா 1979 ஏப்ரல்ல சேந்துச்சு. அதோட 7-வது ஷரத்து ஒவ்வொருத்தருக்கும் பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச் சூழல் வேணும், ஓய்வு வேணும், வேலை நேரத்துக்கு ஒரு அளவு வேணும்னு சொல்லுது. நான் கடைல சேந்தப்ப அதுல இந்தியா சேந்து சரியா 30 வருஷம் ஆகியிருந்துச்சு, என் சம்பளத்துல 20 ரூபா ஃபைன் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஏன்னா நம்ம நாட்டுல ஒரு ஒப்பந்தத்துல சேந்தா மட்டும் அது கோர்ட்டுல நேரா சட்டமா நிக்காது, பார்லிமென்ட்டோ சட்டசபையோ அதுக்குன்னு ஒரு சட்டம் போடணும். அந்த உடன்படிக்கைக்கு துணையா தனி ஆளுங்க ஐ.நா.வுல புகார் குடுக்கறதுக்கு ஒரு நெறிமுறையும் இருக்கு, அதுலயும் இந்தியா சேரல. நம்ம அரசியலமைப்புலயே 42-வது பிரிவு நியாயமான, மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழல அரசு உறுதி பண்ணணும்னு சொல்லுது, ஆனா அது வழிகாட்டு நெறிகள்ல வருது, 37-வது பிரிவு அந்த நெறிகள கோர்ட்டு மூலமா கட்டாயப்படுத்த முடியாதுன்னு சொல்லிடுது. எத்தன இடத்துல எழுதி இருக்கு பாருங்க, ஆனா ஸ்டூலுக்கு 2021 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு.

இதுல எனக்கு ரொம்ப வலிச்சது என்னன்னா ஃபேக்டரில வேலை பாக்கறவங்களுக்கு இது 1948-லயே வந்துருச்சு. தொழிற்சாலைகள் சட்டம் 44-வது பிரிவு, நின்னுட்டே வேலை பாக்கறவங்களுக்கு உக்கார வசதி பண்ணிக் குடுக்கணும்னு. இங்கிலாந்துல 1899-லயே கடைப் பொண்ணுங்களுக்குன்னு தனிச்சட்டம் போட்டு மூணு பொண்ணுக்கு ஒரு இருக்கையாச்சும் கட்டாயம்னு சொல்லியிருக்காங்க. நம்ம கடைச் சட்டம் 1947, அதுல வாரத்துக்கு ஒரு நாள் லீவு, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், நாலு மணி நேரம் வேலை பாத்தா ஒரு மணி நேரம் இடைவேளைன்னு எல்லாம் இருக்கு, ஸ்டூல் மட்டும் 74 வருஷம் கழிச்சு வந்துச்சு. ஒரு மணி நேர இடைவேளைன்னு எழுதி இருக்கறதே எனக்கு கடைய விட்டு வந்தப்புறம்தான் தெரியும், அந்த அஞ்சு வருஷமும் அரைமணி நேரத்தையே பெரிய தயவா நெனச்சுட்டு இருந்தேன்.

சும்மாவும் வரல அது. நமக்கு முன்னாடி கேரளா 2018-ல கொண்டு வந்துச்சு, அங்க வந்ததுக்கு காரணம் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல தையல் வேலை பாத்துட்டு இருந்த விஜின்னு ஒரு அம்மா. அவங்க மொதல்ல கேட்டது நாற்காலி கூட கிடையாது, பாத்ரூம். தெருப் பூராவும் கடை, கடைப் பூராவும் பொம்பளைங்க வேலை பாக்கறாங்க, ஆனா போறதுக்கு எடமில்ல. பெண்கூட்டுன்னு ஒரு அமைப்ப கட்டி அதுல இருந்துதான் உக்காரும் உரிமைப் போராட்டம் வளந்துச்சு. திருச்சூர்ல ஒரு பெரிய புடவைக்கடை வாசல்ல 2014 டிசம்பர் கடைசில ஆரம்பிச்சு நூறு நாளுக்கு மேல பொண்ணுங்க உக்காந்து போராடினாங்க, உக்கார்றதுக்காக உக்காந்த போராட்டம் அது. 2018-ல பிபிசி அந்த வருஷத்து 100 பெண்கள் பட்டியல்ல விஜி அம்மா பேரப் போட்டுச்சு. அந்தப் போராட்டம் நடந்தப்ப நான் கடைய விட்டு வந்து கொஞ்ச மாசம்தான் ஆகியிருந்துச்சு, பேப்பர்ல ஒரு ஓரத்துல செய்தி பாத்தேன், இப்படியெல்லாம் கேக்கலாமான்னு எனக்கு அன்னிக்குத்தான் தோணுச்சு. சங்கம் வைக்கிற உரிமைக்கு ஐ.எல்.ஓ.வுல 87, 98னு ரெண்டு உடன்படிக்கை இருக்கு, அடிப்படையான உடன்படிக்கைங்கன்னு அவங்களே சொல்றது, அது ரெண்டுலயும் இந்தியா கையெழுத்துப் போடல. எங்க கடைல சங்கம்ங்கற வார்த்தையவே யாரும் வாய் விட்டு சொன்னதில்ல.

அதுக்காக சர்வதேச ஒப்பந்தம் எதுவும் வேஸ்ட்டுனு நான் சொல்ல மாட்டேன், சொன்னா அது பெரிய தப்பு. இந்தக் கடையிலயே அதுக்கு சாட்சி இருக்கு. கிரவுண்ட் ஃப்ளோர்ல கேஷ் கவுன்ட்டருக்கு பக்கத்துல பாலியல் தொந்தரவு புகார் கமிட்டின்னு தமிழ்ல போர்டு வச்சு உறுப்பினர் பேரு போன் நம்பரு எல்லாம் எழுதிப் போட்டிருக்காங்க, அதுக்காக இந்தக் கடைக்கு ஒரு ஸ்டார் தனியா குடுக்கறேன். அந்த போர்டு எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? ராஜஸ்தான்ல பன்வாரி தேவின்னு ஒரு அம்மா, குழந்தைக் கல்யாணத்த தடுக்கற அரசு வேலை பாத்ததுக்காக 1992-ல கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. அதுக்கப்புறம் பெண்கள் அமைப்புங்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, விசாகா வழக்குன்னு சொல்வாங்க. அப்ப நம்ம நாட்டுல வேலை இடத்துல பாலியல் தொந்தரவுக்குன்னு சட்டமே கிடையாது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்ட ஒழிக்கிற ஐ.நா. உடன்படிக்கைல இந்தியா 1993-ல சேந்திருந்துச்சு, அத எடுத்து வச்சுக்கிட்டு 1997-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு, உள்நாட்டுச் சட்டம் வர்ற வரைக்கும் இதுதான் விதி, எல்லாரும் கடைப்புடிக்கணும்னு. சட்டம் 2013-ல வந்துச்சு, 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாத்தா கமிட்டி கட்டாயம். நடுவுல 16 வருஷம் ஒரு சர்வதேச ஒப்பந்தத்தோட பலத்துலதான் நாட்டுல உள்ள வேலைக்குப் போற பொண்ணுங்க எல்லாருக்கும் ஒரு பாதுகாப்பு இருந்துச்சு. எங்கயோ வெளிநாட்டுல எழுதின பேப்பரு விளக்குத்தூண் பக்கம் ஒரு போர்டா வந்து தொங்குது. அதனாலதான் 120-வது உடன்படிக்கைல கையெழுத்துப் போடாதது எனக்கு இவ்வளவு ஆத்தாமையா இருக்கு, கைல ஒரு ஆயுதம் இல்லாம விட்டுட்டாங்க.

இனி கடைல நடந்தத முடிச்சுடறேன். பில் போட போறதுக்கு முன்னாடி அந்த ஃப்ளோர் மேனேஜர்கிட்ட பேசினேன். மரியாதையான மனுஷன், அம்மா சொல்லுங்கம்மான்னு நின்னு கேட்டாரு. டப்பா விஷயத்த சொன்னேன். "சட்டப்படி எல்லா கவுன்ட்டர்லயும் ஸ்டூல் போட்டிருக்கோம்மா, லேபர் ஆபீஸ்ல இருந்து வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, யாரையும் உக்காரக் கூடாதுன்னு நாங்க சொல்றது இல்ல. ஆனா கஸ்டமர் முன்னாடி எப்படிம்மா உக்காருவாங்க, உங்களுக்கு மரியாதையா இருக்காதுல்ல"ன்னாரு. நான் சொன்னேன், "அண்ணே, இப்பத்தான் உங்க 3-வது மாடில ஒரு பெரியவர் எங்களுக்கு எதுத்தாப்ல உக்காந்து 22,000 ரூபாக்கு சேலை வித்தாரு, எங்களுக்கு ஒரு மரியாதையும் கொறையல. 900 ரூபா சுங்குடி காட்டுற புள்ள உக்காந்தா மட்டும் எங்க மரியாதை எங்க போயிடும்?" அவரு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நானும் காலைல இருந்து நின்னுட்டுத்தானம்மா இருக்கேன்"னாரு. அது உண்மை, அவரு ஷூவோட ஓரம் அப்படியே தேஞ்சு போயிருந்துச்சு, அவருக்கும் சேத்துத்தான் அந்தச் சட்டம்னு சொன்னேன், சட்டத்துல "எல்லாத் தொழிலாளர்களுக்கும்"னு இருக்கு, பொம்பளைங்களுக்கு மட்டும்னு இல்ல. அவருக்கு அது தெரிஞ்சிருக்கல.

அந்த மரியாதைங்கற வார்த்தை வீட்டுக்கு வந்தும் மனச விட்டுப் போகல. ஏன்னா அவரு பொய் சொல்லல. கஸ்டமருங்க கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க, நான் வேலை பாத்தப்ப எங்கூட நின்ன ஒரு புள்ள மாசமா இருந்தா, முடியாம ஒரு நாள் டப்பா மேல உக்காந்துட்டா, "என்ன உக்காந்துட்டு சேலை காட்டறா"ன்னு ஒரு கஸ்டமர்தான் மேல போயி சொன்னாங்க. அந்தப் புள்ளைக்கு அன்னிக்கு அரைநாள் சம்பளம் போச்சு. 22-ஏ பிரிவு கடை முதலாளியக் கட்டுப்படுத்தும், கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற நம்ம வாயக் கட்டுப்படுத்தாது. அதனால ஜவுளி எடுக்கப் போறவங்க ஒண்ணு செய்யுங்க, சேலை விரிக்கச் சொல்றதுக்கு முன்னாடி "உக்காந்து காட்டும்மா, எங்களுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சத்தமா, சூப்பர்வைசர் காதுல விழற மாதிரி சொல்லுங்க. மெதுவா சொன்னா அந்தப் புள்ள உக்காராது, அதுக்கு தைரியம் வராது. பில் கவுன்ட்டர்ல கருத்துப் புஸ்தகம் இருக்கும், அதுல எழுதுங்க, நான் ஒரு பக்கம் எழுதிட்டுத்தான் வந்தேன், பிரிவு நம்பரோட. ஸ்டூலே இல்லாத கடையா இருந்தா தொழிலாளர் உதவி ஆய்வாளர் ஆபீஸுக்கு ஒரு மனு போடலாம், அதுக்கு நாம அங்க வேலை பாக்கறவங்களா இருக்கணும்னு இல்ல.

ஸ்டார்: சரக்குக்கு 4, வெலைக்கு மூணரை, புகார் கமிட்டி போர்டுக்கு ஒண்ணு சேத்தி, கஸ்டமர் பாத்ரூம் சுத்தத்துக்கு 4, ஸ்டாஃப உக்கார வைக்கிறதுல 1. மொத்தமா 3 குடுக்கறேன். ஃபால்ஸ் தைக்கறதும் முந்திக்கு குஞ்சம் கட்டறதும் 4-வது மாடில அவங்களே பண்ணித் தராங்க, 10 நாள் சொன்னாங்க, 12 நாள் ஆச்சு, தையல் சுத்தம்.

அந்தச் சேலைய வாங்கப் போனப்ப வேணும்னே 2-வது மாடில எறங்கிப் பாத்தேன். வரிசைல ஆறு கவுன்ட்டரு, அதுல நாலு ஸ்டூல் மேல இன்னும் டப்பா இருக்கு. எங்களுக்கு சேலை காட்டின புள்ளையோட ஸ்டூல் காலியா இருந்துச்சு, அதுல உக்காந்து மடி மேல வச்சு சேலை மடிச்சுட்டு இருந்துச்சு. என்னப் பாத்ததும் எந்திரிக்கப் போச்சு, கையக் காட்டி உக்காரும்மான்னேன், திரும்ப உக்காந்துச்சு, மேல கேமராவ பாக்கல. அவங்களாவே டப்பாவ எடுக்கச் சொன்னாங்களான்னு கேட்டேன், "மேனேஜர் சார் வந்து சொன்னாருக்கா, கூட்டம் இல்லாதப்ப உக்காந்துக்கன்னு"ன்னுச்சு. ஞாயித்துக்கெழம கூட்டம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், இனி தீபாவளி வரைக்கும் கூட்டம் இல்லாத நேரம் எது. கால்ல கொலுசு இல்ல. எங்கம்மா கொலுசுன்னு கேட்டேன்.

"கழட்டி வச்சிருக்கேன்க்கா, தீபாவளி முடிஞ்சு கால் வீக்கம் வத்தினப்புறம் போட்டுக்கலாம்னு."